ஒன்றரைக் கல் சுவரும் கோமளம் அம்மாவும்

சென்ற வாரம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கிராமபோனும் ஒலிபெருக்கிக் குழாயும் வாடகைக்கு விடுகிறவர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில் கல்யாணம். வீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலம் விட்டுக் கட்டும் நடைவழியை இங்கே அஞ்சடி என்போம். அந்த அஞ்சடித் தூணில் குழாய் கட்ட அனுமதி வேண்டும் என்றார்கள்.

"அண்ணே, நீங்க முன்னாடி மேளம், நாடக செட்டு எல்லாம் நடத்தினவங்களாமே? இப்ப ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க" என்றான் ஒருவன்.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் அவன் சொன்னது தப்பில்லை. பேசும் படம் வந்தது, ரப்பர் விலை விழுந்தது, கப்பலில் செட்டு வருவது நின்றது. நான் தொழிலை விடுவதற்கு முன்பே தொழில் என்னை விட்டுவிட்டது.

"தூணைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். கோடி வீட்டில் கோமளம் அம்மா இருக்கிறார், அவரைக் கேளுங்கள்" என்றேன்.

"அவங்கதான் வீட்டுக்காரங்களா?"

"இல்லை, குடியிருக்கிறவர்."

"அப்ப ஏன் அவங்களக் கேக்கணும்?"

வாசலில் நின்றுகொண்டு சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன் தகடு அடித்தவர். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர். எங்கள் வம்சத்தில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசற்படி மிதித்தவன் நான். தமிழ்ப் பள்ளியில் ஆரம்பித்து, பாதிரியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தேன். பட்டறை ஆபீசில் கிளார்க் வேலை கிடைக்கும் என்று அப்பா நம்பினார். கிடைக்கவில்லை. "கடிதாசு எழுதத் தெரிஞ்ச பையன் வேணும்" என்று யாரோ சொல்ல, வேலாயுதம் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தேன். காலையில் செங்கல், மாலையில் சங்கீதம். அதுதான் அவர் தொழில்.

முதலாளி நாகப்பட்டினத்திலிருந்து ஹார்மோனியப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர். வந்த நாடகக் கம்பெனி கிள்ளானில் உடைந்துபோனது. ஊர் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கினார். முதலில் கோயில் திருவிழாவுக்கு மேளம் பேசிக் கொடுத்தார். பிறகு ஊரிலிருந்து நாகஸ்வரக்காரர்களையும் நடிகர்களையும் தானே வரவழைத்தார். நான் சேர்ந்தபோது கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அவர் பேச்சில்லாமல் மேளமும் இல்லை, நாடகமும் இல்லை.

அவரிடம் கற்ற ஒழுங்குகளைச் சொல்ல வேண்டும். கப்பல் வரும் நாளில் துறைமுகத்துக்கு அவரே போவார். கப்பலில் வந்தவர்களை நோய்ப் பயத்தில் நிறுத்திவைக்கும் தடுப்பு முகாமிலிருந்து செட்டு வெளியே வந்ததும் யாரையும் பாடவிட மாட்டார். "தொண்டையில இன்னும் கடல் இருக்கு" என்பார். இரண்டு வேளை மிளகு ரசமும் சோறும் போட்டுத் தூங்க வைப்பார். நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளிகளை வாங்கி, வெயில் படாமல் காற்று மட்டும் படும் இடத்தில் வைப்பார். தவிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, தோல் ஈரம் குடித்திருந்தால் எந்தப் பெரிய இடத்துக் கல்யாணமானாலும் அந்தத் தவிலை அனுப்ப மாட்டார்.

கல்யாண வீட்டார் வந்தால் பேச்சு முடிந்தபின் தாம்பூலத் தட்டு மாற்றுவோம். தட்டு மாறிவிட்டால் அந்த நாள் அவர்களுடையது. பிறகு ராஜாவே வந்து கூப்பிட்டாலும் இல்லைதான். எதற்குத் தாம்பூலம் வாங்கினோம் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. மேளத்துக்கு வாங்கினால் மேளம் மட்டும்தான். "அப்படியே ஒரு கச்சேரியும்" என்று பின்னால் சேர்க்க முடியாது.

முகூர்த்தத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். தாலி கட்டும் நேரத்தில் அவர் வலதுகைச் சுட்டுவிரல் உயரும். அப்போதுதான் கெட்டிமேளம். ஐயர் கத்தினாலும், மாப்பிள்ளையின் மாமன் கையை ஆட்டினாலும், நாகஸ்வரக்காரரின் கண் அந்த விரலைத்தான் பார்க்கும்.

அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் பாக்கு சீவ ஆரம்பிப்பார்.

இப்படிப்பட்டவர் வீடு கட்டும் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று பலர் கேட்பார்கள். பேராசை என்றார்கள் சிலர். காரணம் எளியது. எங்கள் செட்டுக்கு யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருகிறவரே, வாடகைக்கு அறை கேட்டால், "கூத்தாடிகளா? இல்லீங்க" என்று கதவைச் சாத்துவார். முதலாளி வந்த புதிதில் பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக் கொட்டகையில்தான் படுத்திருந்தார். சூளைக்காரர் பழக்கம் அப்படி வந்தது. அந்தச் சூளைகள் மூடப்பட்டு நிலம் விலைக்கு வந்தபோது முதலில் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். ஒரு வீடு, இரண்டு வீடு என்று கட்டி, கடைசியில் ஆறு வீடுகள் கொண்ட இந்த வரிசையை எழுப்பினார்.

சுவர் பரிசோதனை என்று அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் எழுந்து, சாந்து காய்ந்ததும், ஒரு வீட்டுக்குள் யாரையாவது பாடச் சொல்வார். அடுத்த வீட்டில் சுவரோரம் கண்ணை மூடி நிற்பார். பாட்டின் வார்த்தை புரிந்தால் சுவரை இடித்துக் கட்ட வேண்டும். ராகம் மட்டும் கேட்டால் சரி.

"ஒன்றும் கேட்காதபடி கட்டினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஜெயில் சுவருடா. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியணும். பாட்டு கேக்கலாம், பேச்சு கேக்கக் கூடாது. பேச்சு கேட்டா சண்டை வரும்."

கட்டடம் எடுத்த சீனக் கொத்தனார் முதல் சுவரை ஒரு கல் கனத்தில் எழுப்பியிருந்தார். முதலாளி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கொத்தனார் முதலாளியைக் காட்டி என்னிடம், "உன் தவுக்கேக்குப் பைத்தியமா? சுவரு நிக்கணுமா, பாடணுமா?" என்றார். ஆனால் இடித்துவிட்டு ஒன்றரைக் கல்லாக எழுப்பினார். இரண்டாம் முறை அவரும் வந்து முதலாளி பக்கத்தில் சுவரில் காதை வைத்து நின்றார். வார்த்தை கேட்கவில்லை. "போலே, போலே! ஆகும், ஆகும்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

அன்று பாடியவர்தான் கோமளம் அம்மா.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயிலில் சிறுவயதில் பொட்டுக் கட்டப்பட்டவர். பிறகு அதை விட்டு நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாக நடித்தார். முதலாளிக்கு நேர்ந்ததேதான் அவருக்கும். வந்த கம்பெனி கிள்ளானில் உடைந்தது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர் திரும்ப விரும்பவில்லை. எங்கள் கிள்ளான் ஆபீசுக்குப் பின்னால், நாடகத் திரைச்சீலைகளும் கிரீடப் பெட்டிகளும் அடுக்கிய அறையில் ஒரு மூலையைத் தடுத்து வாழ்ந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

ஆறு வீட்டிலும் பாடினார். கடைசியில் கோடி வீட்டுக்கு வந்து பாடி முடித்ததும் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"முதலாளி, இந்த வீட்டுல சுருதி நிக்குது. வாடகைக்குன்னா எனக்கே குடுங்க. கிரீடத்துக்கு நடுவுல தூங்கித் தூங்கி, கனவுலகூட வேஷம் கலைய மாட்டேங்குது."

"சரி" என்றார் முதலாளி.

முதல் நான்கு வீடுகளுக்கு ரயில்வே குடும்பங்கள் வந்துவிட்டன. ஐந்தாவது வீட்டுக்கு ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். முதல் வீட்டுக்காரர் சபாபதிப் பிள்ளை, பெரிய கிளார்க். கோடி வீட்டுக்கு யார் வருகிறார் என்று தெரிந்த மறுநாள், நான்கு வீட்டு ஆண்களும் அவர் தலைமையில் கிள்ளான் ஆபீசுக்கு வந்தார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்.

"நாங்க தப்பா ஒண்ணும் சொல்லல, முதலாளி" என்று ஆரம்பித்தார் பிள்ளை. "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா இது குடும்பங்க இருக்கிற எடம்."

முதலாளி பாக்கை எடுத்துச் சீவினார். "நல்லவங்கன்னா என்ன கஷ்டம்?"

"நேரங்கெட்ட நேரத்துல ஆளுங்க வருவாங்க."

"என் வீட்டுக்கும்தான் வர்றாங்க. ஹார்மோனியக்காரன், தவில்காரன், எல்லாரும்."

"நீங்க ஆம்பள."

முதலாளி சீவுவதை நிறுத்தவில்லை. பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அவங்க வந்தா நாங்க வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான். அப்புறம், அடுத்த மாசம் நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு மேளம் பேசியிருக்கோமே, அது அப்படியேதானே?"

"தாம்பூலம் மாத்தியாச்சு. மேளம் வரும்."

"கோமளத்தையும் வரச் சொல்லுங்க. தாலிக்கு மணி கோக்கணும். அவங்க கையால கோத்தா விசேஷம்னு எங்க வீட்டுல சொல்றாங்க."

வாசகர்களில் இளைஞர்களுக்கு இது புரியாமல் போகலாம். கோயிலில் பொட்டுக் கட்டியவருக்குக் கணவன் தெய்வம். ஆகவே அவர் ஒருநாளும் விதவையாவதில்லை, நித்திய சுமங்கலி. அவர் கையால் மணி கோத்த தாலி நிலைக்கும் என்பது தஞ்சாவூர்க்காரர்கள் நம்பிக்கை. கடல் கடந்தும் அதை அவர்கள் விடவில்லை.

"மணி கோக்க வரணும்" என்றார் முதலாளி. "பக்கத்துல குடியிருக்கக் கூடாது."

"அது வேற, இது வேறங்க."

அவர்கள் போனார்கள். முதலாளி கோடி வீட்டுச் சாவியை மேசை இழுப்பறையில் போட்டார். "அவசரப்படாத. ஆறப் போடுவோம். மனுசங்கதானே, வழிக்கு வருவாங்க" என்றார். ஐந்தாவது வீட்டுக்காரர் வழிக்கு வரவில்லை, விலகிக்கொண்டார். கோமளம் அம்மா கிரீடங்களுக்கு நடுவிலேயே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கால் கூசியது.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையின் மனைவி மீனாட்சி அம்மாள் தானே குங்குமச் சிமிழோடு கிள்ளானுக்கு வந்து அழைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் கோமளம் அம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, தாம்பூலம் எதுக்கு வாங்கினீங்க?"

"மேளத்துக்கு."

"மணி கோக்கறதுக்கு?"

"அதற்குத் தாம்பூலம் கிடையாதே, அம்மா. கூப்பிட்டால் போவது, அவ்வளவுதான்."

"அப்ப நான் போறதும் போகாததும் என் இஷ்டம்."

உள்ளேயிருந்து முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஆமா. உன் இஷ்டம்" என்றார்.

முகூர்த்தம் காலையில். முதல் வீட்டின் அஞ்சடியிலிருந்து தெருவரை பந்தல். நாகஸ்வரம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து, வெள்ளிக் கிண்ணத்தில் மணிகளும் மஞ்சள் சரடும் வைத்திருந்தார்கள். கோமளம் அம்மா அரக்குச் சேலையில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள். சரட்டில் ஒரு மணியைக் கோத்தார். இரண்டாவது மணியை விரலில் எடுத்தவர், கையை மடியில் வைத்துவிட்டார்.

"கோத்துத் தரேன், தாயி" என்றார் மீனாட்சி அம்மாளிடம். குரல் உயரவில்லை. ஆனால் மேடைக் குரல், பந்தல் முழுக்கக் கேட்டது. "தந்துட்டு எந்த வீட்டுக்குப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

பேச்சுகள் அடங்கின. பிள்ளை மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன பேச்சு இது? முகூர்த்தம் போகுதில்ல!"

"இன்னும் இருக்குங்க. யோசிச்சே சொல்லுங்க."

நாகஸ்வரக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளியின் விரல் உயரவில்லை. உள்ளங்கையைத் தரையை நோக்கி மெல்ல அழுத்தினார். அதே ராகத்தில் இன்னும் போகலாம் என்று அர்த்தம். அவர் கோமளம் அம்மாவையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. 

மீனாட்சி அம்மாள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "எந்த வீட்டுக்குப் போவீங்க, அக்கா? இதோ கோடி வீடுதானே. நானே வந்து பால் காய்ச்சித் தரேன்."

"மீனாட்சி!" என்றார் பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு நம்ம பொண்ணு எந்த ஊர்ல, எவ வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறாளோ."

 மணப்பெண் தலை நிமிரவில்லை. கோமளம் அம்மா மீதி மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். அவசரப்படவில்லை. முடிச்சிட்டுத் தட்டில் வைத்தார். முதலாளியின் விரல் உயர்ந்தது.

பந்தலை விட்டு வெளியே வந்தபோது, சபாஷ் என்று சொல்லும் உற்சாகத்தில் நான் இருந்தேன். முதலாளியின் முகம் அப்படி இல்லை. சாவியை என் கையில் கொடுத்தார்.

"கேட்டு வாங்க விட்டுட்டேன், பாத்தியா? ஊர் முன்னாடி, ஒரு கல்யாணத்தை நிறுத்தி வச்சுக் கேட்டு வாங்க விட்டுட்டேன். அன்னைக்கே நான் குடுத்திருக்கணும்."



சொன்னபடி மீனாட்சி அம்மாள் வந்து பால் காய்ச்சினார். வீட்டை விட்டுப் போவதாக மிரட்டியவர்கள் யாரும் போகவில்லை. ஐந்தாவது வீட்டுக்கு மட்டும் ஆள் வரவில்லை. கோமளம் அம்மாவின் சுவருக்கு மறுபக்கம் இருக்க யாருக்கும் மனமில்லை. முதலாளி ஒருநாள், "நீ வர்றியா?" என்றார்.

செந்தூல் கூலி லயன் வீட்டிலிருந்து இங்கே வருவதற்கு அம்மாவுக்குப் பயம். அந்த வரிசையில் இருப்பவர்கள் எங்களை மதிப்பார்களா என்று. அப்பாவிடம் கேட்டேன். கொதிகலன் அடித்து அடித்து அவர் காது போயிருந்தது. இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"பக்கத்துல பாடுவாங்களா? பாடட்டும். எனக்குச் சுவரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

நாங்கள் சாமான் இறக்கிய அன்று பிள்ளை அஞ்சடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்னு சொல்லுவாங்க. ரெண்டும் அடுத்தடுத்து வந்தாச்சு. நல்ல பொருத்தம்" என்றார். விடியலை எதிர்பார்ப்பவன் ஒருவன், பொழுது சாய எதிர்பார்ப்பவன் ஒருவன். பழமொழி சரிதான். அப்பாவுக்கு அது காதில் விழாதது நல்லதாயிற்று. அம்மாவுக்கு விழுந்தது. அன்று மாலை சுவர் வழியாக மெல்லிய ராகம் வந்தது. அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து சுவரருகே நின்றார்.

"என்னடா பாடுறாங்க?"

"தெரியவில்லை, அம்மா. வார்த்தை கேட்காது. அப்படித்தான் கட்டியிருக்கிறது."

"அழுவுற மாதிரியும் இல்ல, சிரிக்கிற மாதிரியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி என்னிடம் கொடுத்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கிண்ணம் மறுநாள் வெல்லத்தோடு திரும்பி வந்தது.

அதன்பின் ஒரு விஷயம் நடந்தது. வரிசையில் அடுத்த கல்யாணம் வந்தபோது கோமளம் அம்மாவை மணி கோக்கக் கூப்பிட்டார்கள். "கல்யாணத்துக்கு வரேன், தாயி. மணி கோக்க வேற ஆளப் பாருங்க. நான் பக்கத்து வீட்டுக்காரியா வரேன்" என்று சொல்லிவிட்டார். வந்தார். மேடைப் பக்கம் போகாமல் பின்கட்டில் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு காய் நறுக்கினார். கிராக்கி செய்கிறார் என்றார்கள் சிலர். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். பிறகு எத்தனை கல்யாணத்துக்கு எத்தனை பேர் கெஞ்சியும் அவர் அந்தச் சரட்டைத் தொடவே இல்லை.

முதலாளி காலமாகிவிட்டார். வரிசையை வாங்கிய புதியவர் வாடகை வசூலிக்கவும் ஓடு மாற்றவும் என்னையே வைத்துக்கொண்டிருக்கிறார். சில காலம் முதலாளியின் பெயரில் நானே செட்டுகளை வரவழைத்துப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் போய் நின்றேன், ரசம் வைத்துக் கொடுத்தேன், விரலைக்கூட உயர்த்தினேன். அவர் விரலுக்கு இருந்த பார்வை என் விரலுக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த இரண்டு இளைஞர்களையும் நானே கோடி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கோமளம் அம்மா இப்போது பாடுவதில்லை. மூச்சு நிற்பதில்லை. வாசலில் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரோரம் முறம் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பையன்கள் விஷயத்தைச் சொன்னார்கள்.

"வார்த்தையெல்லாம் கேக்குமா?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்கும், ஆச்சி! எந்தச் சுவரும் தடுக்காது" என்றான் ஒருவன் பெருமையாக.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒன்றரைக் கல் சுவரை அவர் இடது கை தடவிக்கொண்டிருந்தது.

"பொண்ணுக்குத் தாலி மணி யாரு கோக்கறாங்க?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை. "அது... நகைக்கடையிலயே கோத்துத்தான குடுக்கிறாங்க, ஆச்சி."

"யாரையும் கூப்பிட வேணாமா?"

"எதுக்குக் கூப்பிடணும்?"

கோமளம் அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி அஞ்சடிக்கு வெளியே எறிந்தார்.

"நல்லது" என்றார். "குழாயைக் கட்டிக்கங்க."